சூடும் அரிப்பும் சேரும் இடங்களுக்கு அலாய் போல்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழாய் ஃபிளேஞ்ச் (குழாய் முனையில் போல்ட் துளைகளுள்ள வட்டத் தகடு), வெப்பப் பரிமாற்றி, ரியாக்டர் மூடி, வால்வு பானட் போன்ற இடங்களில் 200 டிகிரிக்கு மேல் வேலை செய்யும் போல்ட், ஸ்டட் (தலையில்லாத, திருகுள்ள தண்டு), நட் பற்றி பொறியாளர்களும் கொள்முதல் பிரிவினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கிரேடு பெயர்கள் ஏஎஸ்டிஎம் (அமெரிக்கப் பொருள் தர அமைப்பு) முறைப்படி தரப்பட்டுள்ளன. வெப்பநிலை எல்லாம் செல்சியஸில்.

போல்ட் அலாயைத் தேர்ந்தெடுக்க எங்கிருந்து தொடங்குவது?

விலைப்பட்டியலின் உச்சியிலிருந்து தொடங்காதீர்கள். "சூடு அதிகம், ஆசிடும் உண்டு, அதனால் இருப்பதிலேயே உயர்ந்த நிக்கல் அலாய் போட்டுவிடலாம்" என்ற முடிவு பல சமயம் கசிவில்தான் முடிகிறது.

போல்ட் ஒரு விறைப்பான ஸ்பிரிங். இறுக்கும்போது மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு நீள்கிறது. அந்த நீட்சிதான் இரண்டு ஃபிளேஞ்சுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை அமுக்கிப் பிடிக்கிறது. அடுத்த ஷட்டவுன் (ஆலையைப் பராமரிப்புக்கு நிறுத்துவது) வரை, அந்தச் சூட்டில், அந்த நீட்சியில் எவ்வளவு மிஞ்சும் என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல நான்கு விவரம் வேண்டும்: போல்ட்டின் உலோக வெப்பநிலை, ஃபிளேஞ்ச் எந்த உலோகம், போல்ட் உண்மையில் எதைத் தொடுகிறது, இரண்டு ஷட்டவுனுக்கு இடையே எத்தனை ஆண்டு. மூன்றாவதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். குழாய்க்குள் ஓடும் திரவத்தைப் பார்த்து போல்ட் தேர்வு செய்கிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் மூட்டில் போல்ட் அந்தத் திரவத்தைத் தொடுவதே இல்லை. அது தொடுவது வெளிக்காற்று, மழைநீர், நனைந்த இன்சுலேஷன், எப்போதாவது கசியும் ஆவி ஆகியவற்றைத்தான். திரவத்துக்குள்ளேயே இருக்கும் உள் போல்ட்டுகள், மிதக்கும் தலை வெப்பப் பரிமாற்றியின் உள்மூடி ஸ்டட் போன்றவை, வேறு கணக்கு.

குழாயில் ஓடுவது 480 டிகிரி. போல்ட்டும் 480 தானா?

இன்சுலேஷன் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்தது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏஎஸ்எம்இயின் பி31.3 குழாய் விதிமுறைப்படி, இன்சுலேஷன் இல்லாத மூட்டில் போல்ட்டின் வெப்பநிலையைத் திரவ வெப்பநிலையின் 80 சதவீதமாக எடுத்துக்கொள்ளலாம். சாதாரண ஃபிளேஞ்சுக்கு 90 சதவீதம். அதாவது 480க்கு போல்ட் 384 டிகிரி. அதே மூட்டை இன்சுலேஷனால் மூடிவிட்டால், தனிக் கணக்கோ அளவீடோ இல்லாதவரை, போல்ட்டும் 480 தான்.

இந்த வித்தியாசம் சின்னதல்ல. 384இல் பி7 (அடுத்த கேள்வியில் வரும் ஸ்டீல் கிரேடு) நிம்மதியாக இருக்கும், 480இல் தடுமாறும். ஆற்றலை மிச்சப்படுத்த வேண்டுமென்று பின்னாளில் யாரோ ஒருவர் ஃபிளேஞ்சுகளுக்கு இன்சுலேஷன் பெட்டி மாட்டிவிட்டுப் போவார். போல்ட் கிரேடை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மாட்டும் முன் போல்ட் பட்டியலை எடுத்துப் பாருங்கள்.

பி7 எதுவரை தாங்கும்? பி16க்கு எப்போது மாற வேண்டும்?

பி7 என்பது குரோமியம்–மாலிப்டினம் சேர்ந்த, குவென்ச் செய்து (சூட்டிலிருந்து சட்டென்று குளிர்வித்து) டெம்பரிங் செய்த (மறுபடி மிதமாகச் சூடாக்கிய) ஸ்டீல். 64 மில்லிமீட்டர் விட்டம் வரை இழுவலிமை குறைந்தது 860 மெகாபாஸ்கல், யீல்டு வலிமை (நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு) 720. பி16 அதே குடும்பம்தான், கூடவே வனேடியம். அறை வெப்பநிலையில் இரண்டின் பலமும் ஏறக்குறைய ஒன்றே. அதனால்தான் சான்றிதழை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும், "பி16க்கு ஏன் கூடுதல் விலை?" என்ற கேள்வியும் வரும்.

பதில் சூட்டில் இருக்கிறது. ஏஎஸ்எம்இ அட்டவணைகளில் பி7க்கு அனுமதிக்கப்பட்ட தகைவு (பரப்பளவுக்கு இத்தனை விசை என்ற கணக்கு) 370 டிகிரி வரை 172 மெகாபாஸ்கல். பிறகு இறங்க ஆரம்பித்து, 538 டிகிரியில் சுமார் 31க்கு விழுந்துவிடுகிறது. பி16 அதே 172ஐ 427 டிகிரி வரை பிடித்துக்கொள்கிறது. 538இல் சுமார் 76. அதாவது அந்தச் சூட்டில் பி16 இரண்டு மடங்குக்கும் மேல். வனேடியம் உருவாக்கும் நுண்ணிய கார்பைடுகள் எளிதில் கரடுமுரடாவதில்லை. உலோகத்துக்குள் நடக்கும் மெதுவான நகர்வை அவை மறிக்கின்றன. டெம்பரிங் வெப்பநிலையும் ஒரு துப்பு தரும்: பி7க்குக் குறைந்தபட்சம் 593, பி16க்கு 650. டெம்பரிங் செய்த சூட்டை நெருங்கி வேலை வாங்கும் எந்த ஸ்டீலும் மெல்ல மெல்ல மென்மையாகும்.

என் கணிப்பில் போல்ட் உலோகம் 400ஐத் தாண்டும் இடத்தில் பி7 எழுதுவதற்குக் காரணம் சொல்ல வேண்டும்; 450ஐத் தாண்டினால் பேச்சே வேண்டாம், பி16. அதுவும் 540ஐ நெருங்கும்போது வேறு குடும்பத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

போல்ட் உடையவில்லை, நட்டும் சுழலவில்லை. பிறகு எப்படி இறுக்கம் போகிறது?

இதற்குப் பெயர் தகைவுத் தளர்வு. கணக்காகப் பார்த்தால் பளிச்சென்று புரியும். ஒரு ஸ்டட்டை 345 மெகாபாஸ்கலுக்கு இறுக்குகிறோம். ஸ்டீலின் யங் குணகம் (விறைப்பின் அளவு) சுமார் 2 லட்சம் மெகாபாஸ்கல். எனவே மீள் திரிபு (சுமையை எடுத்தால் திரும்பிவிடும் நீட்சி, நீளத்தின் பங்காக) 0.0017. இரண்டு நட்டுகளுக்கு இடையே 150 மில்லிமீட்டர் இருந்தால் மொத்த நீட்சி கால் மில்லிமீட்டர். ஒரு மூட்டை மூடி வைத்திருப்பது அவ்வளவுதான்.

இப்போது சூட்டில் க்ரீப், அதாவது சுமையில் உலோகம் மெல்ல நிரந்தரமாக நீள்வது, வேலை செய்கிறது. நீளம் மாறாமல், மீள் திரிபின் ஒரு பகுதி நிரந்தரத் திரிபாக மாறுகிறது. வெறும் 0.0005 மாறினாலே சுமார் 100 மெகாபாஸ்கல் காணாமல் போகும். வெளியே அடையாளமே இருக்காது. இதோடு யங் குணகமும் சூட்டில் குறைகிறது. 500 டிகிரியில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு இறுக்கம் அதனாலேயே இறங்கும். அது ஆறியதும் திரும்பி வரும். க்ரீப்பில் போனது வராது.

கேஸ்கெட் அமுங்குவதும் இதே கணக்குதான். கேஸ்கெட் 0.05 மில்லிமீட்டர் இறங்கினால், 100 மில்லிமீட்டர் பிடிநீளமுள்ள ஸ்டட் சுமார் 100 மெகாபாஸ்கலை இழக்கும். 200 மில்லிமீட்டர் உள்ளது 50ஐ மட்டுமே இழக்கும். அதனால்தான் சூடான மூட்டுகளில் நட்டுக்கு அடியில் குழல் வைத்து நீளமான ஸ்டட் போடுகிறார்கள். அலாயை மாற்றும் முன் நீளத்தை மாற்றிப் பார்ப்பது மலிவான வழி. ஏனோ இது கடைசியாகத்தான் நினைவுக்கு வருகிறது. கூம்பு வடிவ டிஸ்க் ஸ்பிரிங் வாஷர்களும் இதே வேலையைச் செய்யும். ஆனால் வாஷரின் அலாயும் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும். இல்லையென்றால் முதலில் தளர்வது அதுதான்.

அனுமதிக்கப்பட்ட தகைவு 172 என்கிறீர்கள். ஆனால் இறுக்கும்போது 345 என்கிறீர்கள். எது சரி?

இரண்டும் சரி, வேலைதான் வேறு. 172 என்பது ஃபிளேஞ்ச் கணக்கில் எத்தனை போல்ட், எந்த விட்டம் என்று முடிவு செய்யப் பயன்படும் எண். களத்தில் கேஸ்கெட்டை உட்கார வைக்க அதைவிட அதிகம் இறுக்கியாக வேண்டும். ஏஎஸ்எம்இயின் பிசிசி-1 என்ற மூட்டு இறுக்கல் வழிகாட்டியைப் பின்பற்றுபவர்கள் யீல்டின் 40 முதல் 70 சதவீதத்துக்குள் இலக்கு வைப்பது வழக்கம். இறுக்கும் தகைவை அனுமதிக்கப்பட்ட தகைவோடு குழப்பிக்கொண்டு 172க்கு மட்டும் இறுக்கிய மூட்டு, முதல் சூடேற்றத்திலேயே அழ ஆரம்பிக்கும்.

அரிப்பும் இருக்கிறதே, பேசாமல் ஸ்டெயின்லெஸ் ஸ்டட் போட்டால் என்ன?

போடலாம், மூன்று விஷயத்தைத் தெரிந்துகொண்டு.

முதலாவது பலம். பி8 (304 வகை), பி8எம் (316 வகை) இரண்டிலும் கிளாஸ் 1 என்பது கரைசல் பதம் செய்த மென்மையான நிலை. யீல்டு 205 மெகாபாஸ்கல்தான், பி7இன் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஸ்பைரல் வூண்ட் (உலோகப் பட்டையும் நிரப்பியும் சுருளாகச் சுற்றிய) கேஸ்கெட்டுக்குத் தேவையான இறுக்கத்தை அது பல சமயம் தரவே தராது. இறுக்க இறுக்க நீண்டுகொண்டே போகும். கிளாஸ் 2 குளிர்நிலையில் இழுத்துக் கடினப்படுத்தியது. பி8 கிளாஸ் 2இல் முக்கால் அங்குலம் வரை யீல்டு 690. ஆனால் விட்டம் கூடக்கூட இது சரியும். ஒன்றே கால் அங்குலத்துக்கு மேல் ஒன்றரை அங்குலம் வரை 345 மட்டுமே. குளிர்நிலையில் ஏற்றிய கடினத்தை நீண்ட காலச் சூடு மெதுவாக இறக்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டட்டின் முனையில் கிரேடு எழுத்தின் கீழ் ஒரு கோடு இருந்தால் கிளாஸ் 2. கோடு இல்லையென்றால் கிளாஸ் 1. இந்த ஒரு கோட்டைப் பார்க்கக் கிடங்கில் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

இரண்டாவது குளோரைடு. நனைந்த இன்சுலேஷனுக்குள் 60 டிகிரிக்கு மேல் இருக்கும் 304, 316 இரண்டும் தகைவு அரிப்பு விரிசலுக்கு இலக்கு. போல்ட் என்பதே எப்போதும் இழுவிசையில் இருக்கும் பொருள்; குளோரைடு, சூடு, இழுவிசை மூன்றும் ஒரே இடத்தில் கூடிவிடுகின்றன. கடற்கரை ஆலையில் துருவுக்குப் பயந்து பி7ஐ எடுத்துவிட்டு பி8 போடுவது, கண்ணுக்குத் தெரியும் துருவைக் கொடுத்துவிட்டுக் கண்ணுக்குத் தெரியாத விரிசலை வாங்குவது. பி7 துருப்பிடித்தால் பார்த்து மாற்றலாம்.

மூன்றாவது, 425 முதல் 815 டிகிரிக்குள் நெடுநாள் கிடந்தால் 304இன் படிக எல்லைகளில் குரோமியம் கார்பைடு படிந்து அந்த எல்லைகள் அரிப்புக்குத் திறந்துவிடும். கந்தகம் உள்ள சேவையில், ஷட்டவுன் நேரத்தில் சல்ஃபைடு படிவோடு ஈரமும் காற்றும் சேர்ந்து பாலிதயோனிக் அமிலம் உண்டாகி அங்கே விரிசல் விடும். அத்தகைய இடங்களுக்கு டைட்டானியம் சேர்ந்த பி8டி, நியோபியம் சேர்ந்த பி8சி இருக்கின்றன.

ஃபிளேஞ்ச் ஸ்டெயின்லெஸ், போல்ட் பி7. இது பிரச்சினையா?

பார்த்தவுடன் பிரச்சினையாகத் தெரியாது, சூடேறும்போதுதான் தெரியும். ஆஸ்டெனிட்டிக் ஸ்டெயின்லெஸ் (304, 316 வகைகள்) ஒரு டிகிரிக்கு மில்லியனில் 17, 18 பங்கு விரியும். பி7, கார்பன் ஸ்டீல் இவை 12, 13. வித்தியாசத்தை 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 டிகிரி சூடேறினால் திரிபு வேறுபாடு 0.0015. சூட்டிலுள்ள யங் குணகம் 1.8 லட்சம் மெகாபாஸ்கல் என்றால், 270 மெகாபாஸ்கல்.

ஃபிளேஞ்ச் ஸ்டெயின்லெஸ், போல்ட் பி7 என்றால் அந்த 270 போல்ட்டில் ஏறும். ஏற்கெனவே 345 இருக்கிறது, கூட்டினால் 615. சூட்டில் பி7இன் யீல்டும் குறைந்திருப்பதால், போல்ட் யீல்டாகலாம், இல்லையேல் கேஸ்கெட் நசுங்கலாம். ஆறியதும் இரண்டும் தளர்ந்து நிற்கும். மாறாக ஃபிளேஞ்ச் கார்பன் ஸ்டீல், போல்ட் பி8 என்றால் அதே 270 போல்ட்டிலிருந்து கழியும். கிளாஸ் 1 பி8இல் ஏற்றியதே 200க்குள் இருந்தால், சூடேறிய மூட்டில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

இது ஃபிளேஞ்சும் கேஸ்கெட்டும் வளையாது என்று வைத்துக்கொண்ட கடுமையான கணக்கு. நிஜத்தில் அவை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், எண்கள் குறையும். எந்தப் பக்கம் போகும் என்பது மாறாது. இன்னொன்று: சூடேறும் நேரத்தில் ஃபிளேஞ்ச் முந்தும், போல்ட் பிந்தும். எனவே ஒரே உலோகமாக இருந்தாலும் வேகமாகச் சூடேற்றினால் இடையில் கொஞ்ச நேரம் போல்ட் அதிகச் சுமை தாங்கும். வேகமாகக் குளிர்ந்தால் இழக்கும். அடிக்கடி நிறுத்தி ஓட்டும் யூனிட்டுகளில் கசிவு குளிரும்போதே வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்படியானால் ஸ்டெயின்லெஸ் ஃபிளேஞ்சுக்குச் சூட்டில் எந்த போல்ட்?

பெரும்பாலும் ஏ453 கிரேடு 660. ஏ286 என்ற பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுமார் 25 சதவீத நிக்கல், 15 சதவீதக் குரோமியம், டைட்டானியம் சேர்த்து வயதாக்கிக் கடினப்படுத்திய இரும்பு அலாய். இழுவலிமை 895, யீல்டு 585 மெகாபாஸ்கல். விரிவு ஆஸ்டெனிட்டிக் ஸ்டீலுக்கு மிக அருகில். அதாவது 304இன் விரிவும் பி7ஐ நெருங்கும் பலமும் ஒரே போல்ட்டில். 540க்கு மேல், ஸ்டெயின்லெஸ் மூட்டுகளில், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

வாங்கும்போது கிளாஸையும் எழுதுங்கள். ஏ, பி கிளாஸ்களுக்குக் கரைசல் பதம் செய்யும் வெப்பநிலை வேறு: ஏ 900 டிகிரி, பி 980 டிகிரி. இந்த விவரக்குறிப்பு 650 டிகிரியில் தகைவு முறிவுச் சோதனையும் (சூட்டில் சுமை ஏற்றி எவ்வளவு நேரம் முறியாமல் நிற்கிறது என்று பார்ப்பது) கேட்கிறது. சான்றிதழில் அந்த வரி இல்லையென்றால் அந்தப் பொருளை இறக்கவே வேண்டாம். சாதாரண இழுவிசைச் சோதனையில் தேறி, சூட்டில் திருகு அடியிலேயே நொறுங்கும் சரக்கை வடிகட்டத்தான் அந்தச் சோதனை.

718, 625, சி-276, நிமோனிக்: இவற்றில் எதை எப்போது?

இன்கோனெல் 718 இங்கே தனி இடம் பெறுகிறது. நிக்கல் 50 முதல் 55 சதவீதம், குரோமியம் 19, நியோபியம் 5, மாலிப்டினம் 3. 650 டிகிரி வரை பலத்தை வைத்திருக்கும். விரிவு 13, 14 அளவில். அதாவது ஃபெரிட்டிக் ஸ்டீலுக்கு (கார்பன், குரோம்–மாலி வகைகள்) பக்கம். 660 ஆஸ்டெனிட்டிக் ஃபிளேஞ்சுக்குப் பொருந்துவது போல, 718 குரோம்–மாலி ஃபிளேஞ்சுக்குப் பொருந்தும். இதை மறந்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஃபிளேஞ்சில் 718ஐப் போட்டால், மேலே சொன்ன பி7 கதைதான், இன்னும் அதிக விலையில்.

718இலும் இரண்டு உண்டு என்பதைக் கவனியுங்கள். விமானத் துறை வெப்பப்பதம் யீல்டை 1034 மெகாபாஸ்கல் அளவுக்கு உயர்த்தும். எண்ணெய்க் கிணற்று உபகரணத்துக்கான பதம் 827 அளவில் நிறுத்தும், கடினத்தை ராக்வெல் சி 40க்குள் வைக்கும். ஹைட்ரஜன் அல்லது ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும் இடத்தில் முதல் வகையைக் கொண்டுபோய்ப் போட்டால், படிக எல்லைகளிலுள்ள டெல்டா படிவங்கள் வழியாக விரிசல் ஓடக்கூடும். "718" என்று மட்டும் எழுதிய ஆர்டர் அரை ஆர்டர்.

ஹேஸ்டெலாய் சி-276 அரிப்பில் வீரன். நிக்கலோடு 16 சதவீத மாலிப்டினம், 16 சதவீதக் குரோமியம். ஈரமான குளோரின், ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த சூழல்களுக்குப் பேர்போனது. ஆனால் பதப்படுத்திய நிலையில் யீல்டு 283 மெகாபாஸ்கல் மட்டுமே. பி8 கிளாஸ் 1ஐப் போலவே மென்மை. 625 கொஞ்சம் மேல், 414. இவற்றை எடுத்தால் போல்ட் எண்ணிக்கை, விட்டம், கேஸ்கெட் மூன்றையும் திரும்பக் கணக்கிட வேண்டும். பி7 இருந்த துளையில் சி-276ஐ அப்படியே மாட்டி, அதே டார்க்கை (இறுக்கும் முறுக்கு விசை) கொடுப்பது போல்ட்டை இழுத்து நாசமாக்கும் வழி.

நிமோனிக் 80ஏ நீராவி டர்பைன் போல்ட்டுகளில் பழக்கமானது. அதில் ஒரு விநோதம்: 450, 500 டிகிரிப் பக்கத்தில் நீண்ட காலம் இருந்தால் நிக்கல், குரோமியம் அணுக்கள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு உலோகம் சற்றே சுருங்கும். தளர்வைப் பற்றி இவ்வளவு பேசினோம். இங்கே போல்ட் தானாக இறுகுகிறது. வடிவமைப்பில் அதற்கு இடம் விடாவிட்டால் முறியும்.

மோனெல் கே-500, ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்திலும் கடல்நீரிலும் நல்ல பெயர் எடுத்தது. ஆனால் கடலடியில் கேதோடிக் பாதுகாப்போடு (அரிப்பைத் தடுக்கும் மின்வேதி முறை) சேர்த்துப் போட்ட கே-500 போல்ட்டுகள் ஹைட்ரஜனால் நொறுங்கிய வரலாறு உண்டு. கந்தகச் சூட்டிலும் அது வேண்டாம்.

டூப்ளெக்ஸ்? டைட்டானியம்?

டூப்ளெக்ஸ் (இருவகைப் படிகம் கலந்த ஸ்டெயின்லெஸ்) 300 டிகிரிக்கு மேல் வேண்டாம். 475 டிகிரி நொறுங்கல் என்று பெயர்பெற்ற கோளாறு 475க்குக் கீழேயே மெல்லத் தொடங்கிவிடும். டைட்டானியம் திருகில் சிக்கிக்கொள்ளும் குணம் கொண்டது. இந்தப் பக்கத்தின் சூட்டுக்கு அரிதாகவே விடை.

ஹைட்ரஜன் சல்ஃபைடு உள்ள லைனில் பி7 போடலாமா?

ஈரமான ஹைட்ரஜன் சல்ஃபைடு கடினமான ஸ்டீலுக்குள் ஹைட்ரஜனைச் செலுத்தி விரிசல் விடும். அரிப்புத் தடுப்புக்கான நேஸ் அமைப்பின் எம்ஆர்0175, எம்ஆர்0103 விதிகள் இரண்டும் இந்த ஸ்டீல்களுக்கு ராக்வெல் சி 22 என்ற கடின உச்ச வரம்பு வைக்கின்றன. பி7 35 வரை போகலாம். ஆகவே வாயு போல்ட்டைத் தொடக்கூடிய இடத்துக்குப் பொருந்தாது. அதற்காகவே பி7எம்: அதே வேதியியல், குறைந்தது 620 டிகிரியில் டெம்பரிங், பிரினெல் 235க்குள் கடினம், யீல்டு 550. நட் 2எச்எம்.

திறந்தவெளியில் நிற்கும் ஃபிளேஞ்சில் கசிந்த வாயு காற்றில் கலந்துவிடும் என்பதால் சாதாரண பி7ஐ ஏற்பவர்கள் உண்டு. அதே ஃபிளேஞ்சை இன்சுலேஷனாலோ ஃபிளேஞ்ச் மூடியாலோ மூடினாலும், மண்ணில் புதைத்தாலும், வாயு போல்ட்டைச் சுற்றித் தங்கும். அப்போது அது நேரடித் தொடர்பாகவே கருதப்படும். பி7எம்முக்கு மாறும்போது யீல்டு கால்பங்கு குறைகிறது என்பதால் டார்க் அட்டவணையையும் மாற்ற வேண்டும்.

துரு வராமல் இருக்க துத்தநாகம், காட்மியம், பிடிஎஃப்இ (டெஃப்லான்) பூச்சு?

சூட்டுக்கு மூன்றும் ஆகாது. காட்மியம் 321 டிகிரியில் உருகும், துத்தநாகம் 419இல். உருகிய உலோகம் இழுவிசையில் உள்ள ஸ்டீலின் படிக எல்லைகளுக்குள் ஊடுருவிச் சட்டென்று உடைத்துவிடும். காட்மியம் உருகும் முன்பேகூட இந்தச் சேட்டையைச் செய்யும், அதனால் பலரும் 230 டிகிரியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். துத்தநாகத்துக்கு 200 என்று வைப்பது வழக்கம். பக்கத்தில் ஸ்டெயின்லெஸ் இருந்தால் துத்தநாகத்தை இன்னும் தள்ளி வையுங்கள். தீ விபத்தில் உருகிச் சொட்டும் துத்தநாகம் ஸ்டெயின்லெஸ் குழாயைக் கிழித்துவிடும்.

பிடிஎஃப்இ அடிப்படைப் பூச்சுகள் 200 முதல் 260 வரை. அந்த போல்ட்டுகளைக் கழற்றும்போது காஸ் டார்ச் வைத்துச் சூடேற்றாதீர்கள். மிகைச் சூட்டில் வரும் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும்.

நட்டுக்கும் இவ்வளவு யோசிக்க வேண்டுமா?

கொஞ்சம். பி7க்கு 2எச், பி16க்கு 4, 7 அல்லது 16, பி8எம்முக்கு 8எம் என்ற இணைகள் பெரும்பாலும் போதும். திருகு கழன்றுபோவதைவிட ஸ்டட் முறிவது மேல் என்பது பழைய விதி. முறிந்தால் உடனே தெரியும். எனவே நட் ஸ்டட்டைவிட பலவீனமாக இருக்கக் கூடாது.

ஸ்டெயின்லெஸ் நட் பாதியில் சிக்கி நின்றுவிட்டது. ஏன்? எந்த ஆன்டிசீஸ் (திருகு சிக்காமல் தடுக்கும் மசகு) பூசுவது?

ஒரே மாதிரி மென்மையான இரண்டு ஸ்டெயின்லெஸ் பரப்புகள் அழுத்தத்தில் உராயும்போது ஆக்சைடுப் படலம் கிழிந்து, உலோகமும் உலோகமும் ஒட்டிக்கொள்கின்றன. சிக்கியபின் முன்னும் பின்னும் ஆட்டினால் மேலும் இறுகும். வெட்டித்தான் எடுக்க வேண்டும். தடுக்க வழிகள்: சுருட்டி உருவாக்கிய திருகு, நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் கடினத்தில் வேறுபாடு, இம்பாக்ட் ரெஞ்சைத் தவிர்த்து மெதுவாகச் சுழற்றுவது, தாராளமாக மசகு.

மசகில், மாலிப்டினம் டைசல்ஃபைடு குளிரில் வழுக்கும். காற்றில் 350, 400 டிகிரிக்கு மேல் ஆக்சிஜனேற்றமாகிப் போய்விடும். நிக்கல் தூள் கலந்தது மிக உயர்ந்த சூடு வரை நிற்கும். தாமிரம் கலந்தது நடுத்தரம்; அம்மோனியா, அசிட்டிலீன் பக்கம் அதைக் கொண்டுபோகக் கூடாது. நிக்கல் அலாய் போல்ட்டில் கந்தகம் உள்ள எதையும் பூசாதீர்கள். நிக்கலும் நிக்கல் சல்ஃபைடும் சேர்ந்து சுமார் 640 டிகிரியிலேயே உருகும் கலவை ஆகிவிடும்.

மசகை மாற்றினால் டார்க்கும் மாறும். உலர்ந்த திருகில் நட் காரணி (டார்க்கையும் இழுவிசையையும் இணைக்கும் எண்) 0.2 அளவில், நல்ல மசகோடு 0.15. அதே டார்க்கில் மூன்றில் ஒரு பங்கு அதிக இழுவிசை. "போன தடவை கொடுத்த அதே டார்க்" என்பது, டப்பா அதேதானா என்று கேட்ட பிறகுதான் செல்லும்.

பிஎம்ஐ (எந்த அலாய் என்று சரிபார்க்கும்) துப்பாக்கியால் சோதித்துவிட்டோம். போதாதா?

போதாது. கையடக்க எக்ஸ்-கதிர் கருவி தனிமங்களைச் சொல்லும்; வெப்பப்பதத்தைச் சொல்லாது. பி7க்கும் பி7எம்முக்கும் வேதியியல் ஒன்றே. பி8 கிளாஸ் 1க்கும் 2க்கும் ஒன்றே. இரண்டு வகை 718க்கும் ஏறக்குறைய ஒன்றே. கார்பனையும் அந்தக் கருவியால் அளக்க முடியாது. அதனால் பிஎம்ஐயோடு கடினச் சோதனையும் சேர வேண்டும். பிஎம்ஐ பிடித்துக் கொடுப்பது வேறு வகைத் தவறு: பி16 பெட்டியில் பி7 கலந்திருப்பது, 660 என்று வந்தது 304ஆக இருப்பது. அதற்கு அது மிக நல்ல கருவி. சான்றிதழில் இஎன் 10204 வகை 3.1 (சோதனை முடிவுகளோடு வரும் ஆய்வுச் சான்று) கேளுங்கள், அதிலுள்ள ஹீட் எண் (உருக்குத் தொகுதி எண்) ஸ்டட்டின் முத்திரையோடு பொருந்துகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

லைன் சூடேறியபின் மறுபடி இறுக்கலாமா?

கேஸ்கெட்டைப் பொறுத்தது. ரப்பர் பிணைப்புள்ள நார்த் தகடு ஒருமுறை சூடேறிவிட்டால் கடினமாகிவிடும். அதன்பின் இறுக்கினால் விரிசல் விடும். கிராஃபைட் நிரப்பிய ஸ்பைரல் வூண்ட் வகைக்கு, சூடேறும் வழியில் 150க்கும் 230க்கும் இடையே ஒரு சுற்று இறுக்குவது பயன் தரும். அதற்கு மேல் போனால் மசகு காய்ந்து, டார்க் எண்ணுக்கும் உண்மையான இழுவிசைக்கும் தொடர்பு அறுந்துவிடும். கசிந்துகொண்டிருக்கும் மூட்டை அழுத்தத்தில் வைத்து இறுக்குவது வேறு விஷயம். தனி அபாய மதிப்பீடு இல்லாமல் கை வைக்கக் கூடாது.

பழைய ஸ்டட்டைச் சுத்தம் செய்து திரும்பப் போடலாமா?

க்ரீப் வேலை செய்யும் சூட்டில் இருந்ததா என்று பாருங்கள். பி7 என்றால் 400க்குக் கீழே, அரிப்புக் குழி இல்லாமல், நட் கையால் முழுதும் ஓடுகிறது, நீளம் ஆரம்ப அளவிலேயே இருக்கிறது என்றால் போடலாம். ஆரம்ப நீளம் யாரும் குறித்து வைக்கவில்லையென்றால், திருகு இடைவெளி அளவியை முழு நீளத்துக்கும் ஓட்டிப் பாருங்கள். நடுவே பல் பொருந்தாமல் விலகினால் ஸ்டட் இழுபட்டிருக்கிறது. கிளாஸ் 1 பி8 ஸ்டட்டுகளை ஒருமுறைக்கு மேல் நம்புவதில்லை. 500 டிகிரிக்கு மேல் வேலை செய்த பி16ஐ ஷட்டவுன்தோறும் மாற்றுவதற்கு ஆகும் செலவு, ஒரு கசிவுக்காக யூனிட்டை நிறுத்தும் செலவோடு ஒப்பிடக்கூடியதே அல்ல. 660, 718 விலை அதிகம் என்பதால் நீளமும் கடினமும் அளந்து, வரிசை எண் இட்டு, எத்தனை ஆயிரம் மணி ஓடியது என்று பதிவேடு வைத்துத் திரும்பப் போடுவதில் தவறில்லை. பதிவேடு இல்லாத 718 ஸ்டட் கிடங்கில் கிடைத்தால் அதை அறியாத சரக்காகவே நடத்துங்கள்.